விளாங்காய் ஓடும் யானை ஊஞ்சலும்

ஒரு காட்டில் செதிலன் என்று ஓர் எறும்புத்தின்னி இருந்தான். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது அவன் இனத்தின் வழக்கம். செதிலனோ, பயம் வரப்போகிறது என்று தெரிந்தாலே சுருண்டுவிடுவான். அப்படி ஒரு பதற்றக்காரன்!

ஆனால் வேலையில் கெட்டிக்காரன். அந்தக் கோடையில் அவன் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தான். ஒரு விளாங்காய் ஓடு. அதற்குள் நகத்தால் கீறிய வளைந்த பாதை, அதன் முடிவில் ஒரு சிறு குழி. பாதையில் உருள ஒரு குன்றிமணி. மணி வெளியே விழாமல் இருக்க, ஓட்டின் வாயில் நாரால் ஒரு வலை. ஓட்டைச் சாய்த்துச் சாய்த்து மணியைக் குழியில் விழவைக்க வேண்டும். பார்த்தால் சுலபம். எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

இந்த ஓடுகளைச் செய்வதிலேயே கோடை போய்விட்டது. மழைக்கு முன் கறையான் புற்றுகளைத் தேடி வைத்திருக்க வேண்டியவன், ஒன்றைக்கூடத் தேடவில்லை. வீட்டிலோ மனைவி அல்லி, அவள் வால்மேல் தொற்றிக்கொண்டு ஒரு குட்டி.

"கவலைப்படாதே அல்லி. ஓடு வாங்குறவங்க பதிலுக்கு ஒரு புற்று இருக்கிற இடத்தைச் சொன்னா போதும். முயலும் மானும் பார்க்காத புற்றா? மழைக்காலம் ஓடிடும்" என்றான்.

"சரி, எப்போ கடை போடப் போறீங்க?" என்று அல்லி கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் செதிலன் பயந்துகொண்டிருந்தான்.

"தேன் திருவிழாவுக்கு முன்னாடி போட்டா யாரும் வரமாட்டாங்க. பின்னாடி போட்டா மழை வந்துடும். திருவிழா அன்னைக்கே போட்டா... யானை ஊஞ்சல் கட்டுதாம், அல்லி! காடே அங்கேதான் நிற்கும்."

"அதுக்காகக் குட்டி பட்டினி கிடக்கணுமா? கூட்டம் வர்ற நாளை விட்டுட்டு வேற எந்த நாள்? போய்ப் போடுங்க!"

திருவிழா வந்தது. யானை இரண்டு மருத மரங்களுக்கு நடுவே காட்டுக்கொடியில் ஊஞ்சல் கட்டியிருந்தது. கிளிகளுக்கெல்லாம் கொய்யாப்பழம் கொடுத்துப் பேசியும் வைத்திருந்தது. "வாங்க, வாங்க, யானை ஊஞ்சல்!" என்று மரத்துக்கு மரம் ஒரே கூச்சல்.

செதிலன் எதிரே தேக்கிலையை விரித்து ஓடுகளைப் பரப்பினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "விளாங்காய் விளையாட்டு!" என்று கத்திப் பார்த்தான். அது அவன் காதிலேயே விழவில்லை.

"கிளி அக்கா, எனக்காகவும் ஒரு வார்த்தை கத்தக் கூடாதா?" என்று கெஞ்சினான்.

"கொய்யா வெச்சிருக்கியா?" என்றது கிளி. அவனிடம் ஏது கொய்யா?

நெடுநேரம் கழித்து ஒரே ஒரு மான் வந்தது. "இது என்ன?" என்று கேட்டது.

'பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்?' என்று நினைத்தான் செதிலன். அவ்வளவுதான், சுருண்டுவிட்டான். கடைக்காரரைக் காணோமே என்று மான் போய்விட்டது.

பொழுது சாய்ந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் போச்சு. இனி அல்லி முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று அழாத குறையாக ஓடுகளை வாரி மூட்டை கட்டினான்.

வீட்டுக்குப் போகும் வழி, ஊஞ்சலுக்குக் காத்திருந்தவர்களின் வரிசையை ஒட்டிப் போனது. வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. பாதி வழியில் தடாலென்று ஓர் இடி இடித்தது. செதிலன் அங்கேயே சுருண்டான். மூட்டை அவிழ்ந்து, ஓடுகள் எல்லார் காலடியிலும் உருண்டன.

சுருண்டபடியே கிடந்தான். வெளியே பேச்சு கேட்டது.

"அம்மா, நம்ம முறை எப்போ வரும்? கால் வலிக்குது" என்று ஒரு முயல்குட்டி சிணுங்கியது.

"பேசாம நில்லு" என்றது தாய்முயல்.

பிறகு கடகடவென்று குன்றிமணி உருளும் ஓசை.

"ஐயோ, குழியில விழப் பார்த்துச்சே!"

"எங்கே, என்கிட்ட ஒரு தடவை கொடு!" இது தாய்முயலின் குரல்.

செதிலனுக்குச் சட்டென்று உறைத்தது. 'ஊஞ்சலையே பார்க்கிறவர்களிடம் காலையிலிருந்து கத்தினேனே! ஊஞ்சலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடமுடியும். மற்றவர்களெல்லாம் சும்மா அல்லவா நிற்கிறார்கள்?'

"இது யாருதும்மா?" என்றது குட்டி.

"கீழே கிடந்ததுதானே? நாமே வெச்சுக்கலாம்."

இப்போது வாய் திறக்காவிட்டால் எல்லாம் போய்விடும். முதுகோ விரிய மறுத்தது. தன் குட்டியை நினைத்துக்கொண்டு, செதிலன் பல்லைக் கடித்து எழுந்து நின்றான்.

"அது... அது நான் செஞ்சது. ஒரு கறையான் புற்று இருக்கிற இடத்தைச் சொன்னா, எடுத்துக்கலாம்."

"அவ்வளவுதானா? ஆந்தைப் பாறைக்கு அடியில ஒண்ணு இருக்கு" என்றது தாய்முயல், ஓட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"எனக்கொண்ணு! ஓடைக்கு அக்கரையில ஒரு புற்று இருக்கு!" என்றது பின்னால் நின்ற காட்டுப்பன்றி. வரிசை நெடுகக் கைகள் நீண்டன.

"அடுத்தது யாரு?" என்று யானை கூப்பிட்டது. ஒருவரும் நகரவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. பிறகு தானே அதிர அதிர நடந்து வந்தது. செதிலன் முதுகு சுருளத் துடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்போ, எப்போன்னு என் உயிரை எடுத்தவங்க, கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாங்க. என்ன அது?" என்று யானை ஓர் ஓட்டைத் துதிக்கையால் எடுத்தது. "இது நான் தின்னுட்டுப் போட்ட விளாங்காய் ஓடாச்சே!"

"ஆ... ஆமாங்க ஐயா."

யானை ஓட்டைச் சாய்த்தது. மணி குழிவரை போய்த் திரும்பியது. இன்னொரு முறை சாய்த்தது. மறுபடியும் திரும்பியது.

"யானை மாமா, எங்க முறை வந்துடுச்சு" என்றது முயல்குட்டி.

"கொஞ்சம் பொறு" என்றது யானை.

மழை தூறத் தொடங்கியது. செதிலன் காலி மூட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஆந்தைப் பாறை, ஓடைக்கு அக்கரை, இரட்டைப் புளியமரம்..." என்று எங்கே மறந்துவிடுமோ என்ற பயத்தில் சொல்லிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடினான்.

நீதி: பெரியவர் கடைக்கு எதிரே நின்று கத்துவதைவிட, அங்கே காத்திருப்பவர் பக்கத்தில் போய்க் கை நீட்டுவது மேல்.