வாய் மூடிய நீலம்

அந்தக் காலத்தில் காக்கைக்கும் கன்றுக்கும் மட்டுமல்ல, கல்லுக்கும் பேச்சு இருந்தது. நொய்யல் கரையில் மழை விட்டதும் செம்மண் கரைந்து ஓடும். உழவுசாலில் நிறம் நிறமாகக் கற்கள் மேலே வந்து கிடந்து, போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசும். சிவப்புக் கல்லுக்குத் தற்பெருமை அதிகம். பச்சைக் கல்லுக்கு ஊர்க்கதை வேண்டும். வெள்ளைப் பளிங்கு நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும். நீலக்கல் மட்டும் கேட்டால்தான் பேசும். வரப்போவது அதற்குத் தெரியும். பொய் சொல்லத்தான் தெரியாது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. நிச்சய மோதிரத்துக்குக் கல்லைப் பெண்தான் எடுக்க வேண்டும். எடுத்த கல்லை இரு வீட்டார் முன்னிலையில் உள்ளங்கையில் வைத்து, “என்னோடு வருகிறாயா?” என்று கேட்க வேண்டும். கல் “வருகிறேன்” என்றால் தட்டான் அதைப் பதிப்பார். “இல்லை” என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதனால் பலரும் சிவப்பையே எடுத்தார்கள். சிவப்பு யார் கேட்டாலும் வருகிறேன் என்று சொல்லிவிடும்.

வெண்ணி என்ற பெண் நீலத்தை எடுத்தாள். சிறுமியாக எள்ளுக்காட்டில் களை பறித்தபோது அவள் காலில் இடறிய கல் அது. அன்றிலிருந்து அவள் துணி முடிச்சில்தான் இருந்தது. மழை வருமா, மாடு இன்று ஈனுமா என்று கேட்பாள். அதுவும் பிரியமாகச் சொல்லும். மாப்பிள்ளை சேந்தன் உப்பு வண்டிக்காரன், மேற்கு மலையைத் தாண்டிப் போய் வருகிறவன். அவன் சிரித்தால் பூட்டிய மாடுகூடத் திரும்பிப் பார்க்கும் என்று வெண்ணியின் தங்கை சாத்தி கேலி செய்வாள்.

அம்மாவுக்குப் பயம். பேசாமல் சிவப்பை எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தாள். எதற்கும் ஆமாம் போடுகிற கல்லைப் போட்டுக்கொண்டு என்ன செய்வது என்றாள் வெண்ணி.

நிச்சயத்தன்று கல்லை உள்ளங்கையில் வைத்துக் கேட்டாள். கல் சேந்தனைப் பார்த்தது. ஒரு ஆடி மாத வெள்ளமும் நடு ஆற்றில் கவிழ்ந்த வண்டியும் அதற்குத் தெரிந்தன. அதற்கு முன்னால் இந்த இருவரும் சிரித்துக்கொண்டு வாழப்போகிற கொஞ்ச காலமும் தெரிந்தது. வருகிறேன் என்றால் நடக்கப்போவதை மறைத்ததாகும். இல்லை என்றால் அந்தக் கொஞ்ச காலமும் இவளுக்குக் கிடைக்காது.

கல் வாயை மூடிக்கொண்டது.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுவரை எந்தக் கல்லும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சாத்திதான் பேசினாள்.

“மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு கேட்டப்ப அக்காளும் இப்படித்தானுங்க வாயே திறக்காம நின்னா. அதச் சம்மதம்னுதானுங்களே எடுத்துக்கிட்டீங்க?”

சபை சிரித்தது. கல்லுக்கும் வெட்கம் வந்துவிட்டது என்று சொல்லித் தட்டானிடம் கொடுத்துவிட்டார்கள்.

கல் கண்டபடியே அவர்கள் வாழ்ந்தார்கள். சேந்தன் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகும் புதுக் கதைகளும் கொண்டுவருவான். கதைகளில் பாதி பொய் என்று வெண்ணிக்குத் தெரியும், கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். கல்லிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. நிறைந்து இருப்பவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது.

ஓர் ஆடி மாதம் மேற்கே மலை கறுத்துக் கிடந்தபோது சேந்தன் வண்டி பூட்டினான். “வர்றேன், அம்மிணி” என்றான். புறப்படுகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லையே. அவள் மோதிரக் கையை அசைத்தாள்.

நுகக்கயிறு அறுந்த மாடுகள் மட்டும் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தன.

அழுகை ஓய்ந்த ஒரு பகலில் வெண்ணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லிடம் கேட்டாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். அவன் உனக்குக் கிடைத்திருக்க மாட்டான்.”

 வெண்ணி சொன்னாள்.

“அவங்க எந்திரிச்சுப் போயிருப்பாங்க. நான் போயிருக்க மாட்டேன். அவரைத்தான் கட்டியிருப்பேன். ஆடியில மட்டும் வண்டி பூட்ட விட்டிருக்க மாட்டேன்.”

கல்லுக்கு இது தோன்றவே இல்லை. வரப்போவதை அது அறிந்திருந்தது. அறிந்த பெண் என்ன செய்வாள் என்பதை அறிந்திருக்கவில்லை. காலை வானம்போல் வெளுத்திருந்த அதன் நீலம் அந்த இடத்திலேயே இருண்டது. அதன் பிறகு அது பேசவில்லை. செய்தி கேட்ட மற்றக் கற்களும், எதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று ஒவ்வொன்றாக அடங்கின. சிவப்புக் கல்தான் கடைசி.

வெண்ணி மோதிரத்தை ஆற்றில் எறியவில்லை. கழற்றித் துணியில் முடிந்து, தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். கனவில் ஆறு வந்தது. சேந்தன் வண்டியில் நின்றுகொண்டிருந்தான். கரையில் கிடந்த நீலக்கல் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது, குரல் வரவில்லை. விழித்தபோது அவளுக்குப் புரிந்தது. இனி அதனால் சொல்ல முடியாது. கனவில் காட்ட முடியும்.

சாத்திக்குச் சம்பந்தம் பேசியபோது வெண்ணி அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்துத் தங்கை கையில் வைத்தாள்.

“சபையில வெச்சு இதுகிட்டக் கேக்காத. தலைக்கடியில வெச்சுத் தூங்கு. என்ன காட்டுதோ பாரு. பாத்த பொறவும் அவரு வேணும்னு தோணுச்சுன்னா கட்டிக்க.”

சாத்தி கல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று முதல்தான், மோதிரத்துக்கு நீலம் எடுக்கிறவர்கள் அதை உடனே பதிக்கக் கொடுப்பதில்லை. துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி, விடிந்ததும் எழுந்திருக்காமல், கண்ட கனவை மெல்ல நினைத்துப் பார்க்கிறார்கள்.