குறையில்லாத குஞ்சுகள்

கிளிமூக்கு விசிறிவால் சேவலை வளர்ப்பவர்கள் அதைச் சண்டைக்கு விடமாட்டார்கள். சண்டையெல்லாம் வளர்ப்பவர்களுக்குள்தான். மூக்கு கிளியைப் போல வளைந்து இறங்க வேண்டும். வால் விசிறியாக விரிய வேண்டும். கண் வெள்ளையாக இருக்க வேண்டும். நிறம் எதுவோ, அதில் ஓர் இறகுகூடப் பிசகக் கூடாது. இதில் எது எவ்வளவு முக்கியம் என்ற பேச்சில் அண்ணன் தம்பிகள் முகம் பார்க்காமல் போயிருக்கிறார்கள்.

திண்டுக்கல் பக்கம் இந்த வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்பவர் ரவூப் பாய். பிழைப்புக்கு ஒரு பஞ்சு மெத்தைக் கடை. கண்காட்சி நாளில் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவராக வந்து உட்காருவார். அவருக்குப் பாராட்டத் தெரியாது. "மூக்கு நேர்" என்பார், அல்லது "வால் குட்டை" என்பார், அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார். அன்றைக்குச் சாயங்காலமே அந்தச் சேவல் யார் வீட்டிலாவது குழம்பாகிவிடும்.

அவரிடம் சேவல் பார்க்கக் கற்றவர் லாரிப் பட்டறை இருதயராஜ். பாயைவிட நாலைந்து வயது மூத்தவர். அதனால் பாய் அவரை அண்ணே என்பார். வித்தையில் பாய் மூத்தவர், அதனால் அவர் பாயை வாத்தியாரே என்பார். இந்த மரியாதையில் இரண்டு பேருமே ஒருநாளும் தவறியதில்லை.

பாயின் தகப்பனார் காலத்திலிருந்து வந்த வம்சத்தில் ஒரு ஜோடியை இருதயராஜ் வாங்கிப்போய் வளர்த்தார். எப்படி வளர்த்தார் என்றால், பெற்ற பிள்ளையை அப்படி வளர்த்ததில்லை என்று அவர் மனைவியே சொல்வாள். அந்த வழியில் வந்த மயில் நிறச் சேவல் வரிசையாக முதல் பரிசு வாங்கியது. பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்த மௌனத்தை இருதயராஜ் கோப்பையைவிடப் பெரிதாக நினைத்தார்.

இந்த வருடம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. பாய் வீட்டில் ஒரு கோழி மிஞ்சவில்லை. பாய் காலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்த வம்சம் இனிமேல் இருதயராஜின் பட்டறைக்குப் பின்னால் இருந்த கூண்டுகளில் மட்டும்தான். அங்கே அந்தச் சேவலும் இரண்டு பெட்டைகளும் இருந்தன. சேவலுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் இருதயராஜ் கூடையோடு கடைக்கு வந்தார். கூடையில் வைக்கோல், வைக்கோலில் அடைவைத்த முட்டைகள்.

"இந்த அடையும் போச்சு வாத்தியாரே."

பாய் தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"நாள் தாண்டிடுச்சா?"

"தாண்டியாச்சு. ஒண்ணுகூட ஓடு கீறலை. போன அடையும் இப்படித்தான். அதுக்கு முந்தினதும் இப்படித்தான். சேவல்ல குறையா, பெட்டையில குறையா? அதை மட்டும் சொல்லுங்க, மாத்திடுறேன்."

"எதை வச்சு மாத்துவீங்க?"

இருதயராஜ் கூடையைத் தரையில் இறக்கி வைத்தார்.

பாய் எழுந்து கதவைப் பாதி இறக்கினார். மேசையைத் துடைத்துப் பஞ்சை நீளமாகப் பரப்பினார்.

"நடுவரா உட்காருங்கண்ணே."

"என்னது?"

"நான் உடைக்கிறேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க. கண்காட்சியில சொல்ற மாதிரியே சொல்லணும்."

பாய் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் மெல்லத் தட்டினார். ஓட்டை உரித்தார். உள்ளே முழுக் குஞ்சு இருந்தது. நகம் முளைத்திருந்தது. ஈர ரோமம் உடம்போடு ஒட்டியிருந்தது. தலையை இறக்கைக்குள் வைத்தபடி செத்திருந்தது. பாய் அதைப் பஞ்சின் மேல் வைத்தார்.

"மூக்கு?"

இருதயராஜ் குனிந்து பார்த்தார். "நல்ல வளைவு."

"கால்?"

"வெள்ளை."

"நிறம்?"

"மயில்தான். கலப்பு இல்லை."

"குறை?"

"இல்லை."

பாய் அடுத்ததை உடைத்தார். அதுவும் முழுக் குஞ்சு. அதற்கும் அதே கேள்விகள், அதே பதில்கள். கடைக்குள் நாற்றம் ஏறியது. பாய் முகத்தைச் சுளிக்கவில்லை, கேள்வியைக் குறைக்கவும் இல்லை.

நடுவில் ஒரு குஞ்சு வந்தது. இருதயராஜ் அதை விரல் நுனியால் திருப்பிப் பார்த்தார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவர் முகம் மலர்ந்தது.

"வாத்தியாரே, இதோட மூக்கைப் பாருங்க! அப்பனையே தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்கே."

பாய் அவரைப் பார்த்தார். இருதயராஜின் கை அப்படியே நின்றது. தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குறை?" என்று கேட்டார் பாய்.

"போதும் வாத்தியாரே."

"குறை என்னண்ணே?"

"இல்லை," என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

கூடை காலியாகும்வரை பாய் நிறுத்தவில்லை. கடைசியில் பஞ்சின் மேல் குஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அந்த வரிசையைக் கண்காட்சியில் வைத்திருந்தால் முதல் பரிசு எதற்கு என்று சேவல் வளர்ப்போர் சங்கமே கூடிப் பேச வேண்டியிருக்கும்.

பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சேவலை யாரோட சேர்த்தீங்க?"

"அதோட மகளோட. அப்புறம் பேத்தியோட. ரத்தம் வெளியே போயிடக் கூடாதுன்னுதான்."

"ஒரே ரத்தமே திரும்பத் திரும்பச் சேர்ந்தா ஓட்டை உடைக்கத் தெம்பு எங்கே இருக்கும்? கழிச்ச குஞ்செல்லாம்?"

"எது?"

"மூக்கு நேரா வந்தது, வால் குட்டையா வந்தது, நிறம் கலந்தது. வருஷா வருஷம் கழிச்சிருப்பீங்களே. அதுல ஒண்ணு யார்கிட்டயாவது இருந்தா, இன்னும் வழி இருக்கு."

இருதயராஜ் காலிக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்லை," என்றார். "உயிரோட யாருக்கும் குடுத்ததில்லை. வெளியே போனா எவனாவது ஒரு தெருச் சேவலோட சேர்த்து, இதுதான் இருதயராஜ் வீட்டுக் கோழின்னு விப்பான். அதனால மூணு மாசம் ஆனதும் பார்த்துட்டுக் கழுத்தைத் திருகிடுவேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "குறை பார்க்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான்," என்றார் பாய்.

செத்த குஞ்சுகளைப் பஞ்சோடு சுருட்டினார். கடைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்கண்ணே. உங்க கொழுந்தியா வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"பிலோமினா வீட்டுக்கா? அங்கே என்ன?"

"போன மாசம் தலையணை குடுக்கப் போனேன். ஒரு கோழியைப் பார்த்தேன்."

பிலோமினா வீடு ஊருக்கு வெளியே, புளியமரங்களைத் தாண்டி இருந்தது. அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அத்தானைக் கண்டதும் பதறி எழுந்தாள். அவர் இந்தப் பக்கம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

"வாங்கத்தான். அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவ நல்லா இருக்கா. கோழியைப் பார்க்க வந்தோம்," என்றார் இருதயராஜ்.

பிலோமினாவின் முகம் மாறியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா மேல கோவிச்சுக்காதீங்கத்தான். நீங்க திருகுறதுக்கு வச்சிருந்த குஞ்சு. பாவமா இருக்குன்னு முந்தானையில மறைச்சு எடுத்துட்டு வந்து குடுத்துட்டா. நான் அதை விக்கலை, யாருக்கும் குடுக்கலை. அது பாட்டுக்குக் கிடக்குது."

வீட்டை ஒட்டியிருந்த குப்பைமேட்டில் அது மேய்ந்துகொண்டிருந்தது. மூக்கு நேர். வால் குட்டை. கறுப்பும் பழுப்புமாக எந்த நிறத்தோடும் சேராத நிறம். அதைச் சுற்றிலும் குஞ்சுகள் ஓடின. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று புள்ளி போட்டது. எண்ண முடியாதபடி அங்கும் இங்கும் ஓடின.

"ஒரு முட்டைகூட வீணாப் போகலைத்தான்," என்றாள் பிலோமினா. "அப்பன் எந்தத் தெருச் சேவலோ தெரியாது."

பாய் கொஞ்சம் தானியத்தை இறைத்தார். குனிந்து கோழியைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டார். அதன் கண் சுத்தமான வெள்ளையாக இருந்தது. பாய் அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"எங்க அத்தா கோழிகளுக்கு இந்தக் கண்ணுதான்," என்றார். "இனிமே பார்க்க மாட்டோம்னு நினைச்சிருந்தேன்."

இருதயராஜுக்குக் கண் நிறைந்தது. பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன் என்றார். அக்காவை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார். அப்போது அவர் சொன்னதெல்லாம் உண்மைதான்.

"எடுத்துட்டுப் போங்கத்தான். உங்க கோழிதானே," என்றாள் பிலோமினா.

அவர் துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்கு எட்டிய குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். மூக்கைத் தடவினார், காலை நீட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார். சிலவற்றைத் துண்டில் வைத்து மூடினார். மற்றதைக் கீழே விட்டார். நேரம் போகப் போக அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது. பட்டறையில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும்போது வரும் அதே தெளிவு.

"மூக்கு நேர். இதுவும் நேர். இது கால் மஞ்சள்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பிலோமி, தாய்க்கோழியையும் இந்தக் குஞ்சுகளையும் எடுத்துக்கிறேன். மிச்சத்தை வச்சுக்காதே. வர்ற ஞாயித்துக்கிழமை குழம்பு வச்சுடு. இதெல்லாம் வெளியே போய்ப் பெருகுச்சுன்னா வம்சத்துக்கே கேவலம்."

பிலோமினா பாயைப் பார்த்தாள்.

பாய் கோழியை இன்னும் மார்போடுதான் வைத்திருந்தார். அதன் இறக்கையை ஒருமுறை நீவிவிட்டார். குனிந்து அதைத் தரையில் விட்டார். பிறகு இருதயராஜின் துண்டை எடுத்து உதறினார். குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு தாயிடம் ஓடின.

"இவர்கிட்டக் குடுக்காதேம்மா," என்றார். "நான் வந்து கேட்டாலும் குடுக்காதே."

"வாத்தியாரே!" இருதயராஜின் குரல் உடைந்தது. "இதையும் விட்டா எல்லாம் முடிஞ்சது. உங்க அத்தா வளர்த்த வம்சம். உங்களுக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம, அழிஞ்சே போயிடும்."

பாய் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார்.

"அழியலைண்ணே. குப்பையைக் கிளறிக்கிட்டு இருக்கு. சத்தம் போடாம வாங்க."