கைப்பிடி அரிசி

உப்பளத்தை ஒட்டி இருக்கிற எங்கள் ஆலயத்தில் மணியடிக்கிற வேலை எனக்கு. இருபத்தாறு வருஷத்தில் ஏழு போதகர்களுக்கு மணியடித்துவிட்டேன். நவமணி பாஸ்டரம்மா ஏழாவது ஆள். முதல் ஆறு பேரைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் பாஸ்டரம்மா வேறு ரகம்.

வந்த புதிதில் "பொம்பளை போதகரா?" என்று முனகினவர்களில் நானும் ஒருத்தன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தொழுநோயாளர் குடியிருப்பில் ஒன்பது வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர் அவர். இங்கே வந்த மூன்றாம் மாதமே அளத்துக்குள் ஒரு கொட்டகை போட்டு, உப்புச் சுமக்கிற பெண்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டினார். வெயிலுக்குக் கண்ணாடியும் காலுக்கு பூட்ஸும் கேட்டு அந்தப் பெண்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போனபோது அவர்களை முன்னால் பேசவிட்டு, இவர் பின்வரிசையில் நின்றார். நானும் கூட நின்றேன். அப்படி ஓர் ஆளை என் ஆயுசில் பார்த்ததில்லை.

மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் சனிக்கிழமை தோறும் ஆலயத்தில் அரிசி கொடுப்போம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் வரலாம். அரிசி வாங்கிக்கொண்டு வெளியே போகிற வழியில் ஒரு டின் இருக்கும். வாங்கினதில் ஒரு கைப்பிடியை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைப்பார்கள். அதே பழக்கத்தைத்தான் பாஸ்டரம்மா இங்கேயும் கொண்டுவந்தார். டின்னில் சேர்வது படுக்கையில் கிடக்கிற நோயாளிகள் வீட்டுக்குப் போகும்.

ஜீவரத்தினம் சார் எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தது போன வருஷ மழைக்கு முன்னால். ரேஷன் அரிசி வழங்குகிற இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ்டரம்மாவைவிட எட்டு வயது மூத்தவர்.

"ஏழைகளுக்கு ஊழியம் செய்றது எப்படின்னு உங்ககிட்ட கத்துக்கணும், பாஸ்டரம்மா."

"சந்தோஷம் சார். சனிக்கிழமை வந்து டின் பக்கத்துல உக்காருங்க."

"அரிசி போடுற இடத்துல உக்காருறேனே."

"அங்க ஆள் இருக்கு."

"நான் முப்பத்திமூணு வருஷம் அரிசி குடுத்தவன்."

"அதான் சொல்றேன்."

சாருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் உட்கார்ந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை பேச்சித்தாய் வந்தாள். அளத்து வேலைக்காரி. உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் வெளிச்சத்தில் புருஷனுக்குக் கண் பார்வை போய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். அரிசியை வாங்கிக்கொண்டு வந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். அள்ளின கையில் எலும்புதான் தெரிந்தது. சார் டின்னின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"நீ போட வேண்டாம்மா. உன் நிலைமை எனக்குத் தெரியும். உனக்கே பத்தாது. கொண்டு போய்ப் பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போடு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். பேச்சித்தாய் டின் பக்கமிருந்து கையை எடுத்தாள். பிறகு அந்த அரிசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மழை விடாமல் பெய்ததில் பள்ளிக்கூடத்தையும் அடைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடும் போச்சு. பேச்சித்தாய் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கேட்டதும் சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகப் போனார். போன வேகத்தில் பையோடு திரும்பி வந்தார்.

அன்றைக்குப் பள்ளமான தெருக்களில் எல்லாம் வெள்ளம். நாற்பது வீட்டு ஜனம் ஆலய மண்டபத்தில் இருந்தது. பாஸ்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கஞ்சிப் பானை பக்கத்தில் நின்றார்.

"வாங்க மாட்டேங்குறா, பாஸ்டரம்மா. 'இல்லாதவங்களுக்குக் குடுங்க சார்'ங்கிறா. வீட்டுல ஒரு மணி அரிசி கிடையாது. சின்னப் பிள்ளை எந்திரிக்க மாட்டாம கிடக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்? நல்லதுதானே சொன்னேன்?"

பாஸ்டரம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"வாங்க, போவோம்."

"அரிசியை எடுத்துக்கவா?"

"வேண்டாம்."

குடை பிடிக்க நானும் போனேன். முழங்கால் தண்ணீர். பேச்சித்தாய் வாசலுக்கு வந்தாள். சாரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாஸ்டரம்மா அரிசியைப் பற்றியும் கேட்கவில்லை, பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவில்லை.

"பேச்சி, மண்டபத்துல நாப்பது வீட்டு ஜனம் இருக்கு. கஞ்சி கொதிக்குது. உன் வீட்டுல உப்பு கிடக்கா?"

"அளத்துக்காரி வீட்டுல உப்பு இல்லாமப் போகுமா?"

"அப்ப குடு."

"எம்புட்டு வேணும்?"

"அவ்வளவு பெரிய பானைக்கு எனக்கு அளவு தெரியாது. நீ வந்து போடு."

பேச்சித்தாய் பாஸ்டரம்மாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணியில் உப்பை மூட்டை கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஏ பிள்ளைகளா, அப்பாவைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தாள். சின்னவளை ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்டரம்மா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் பேச்சித்தாய் உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினாள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு கை போட்டாள். பிறகு அகப்பையை யாரிடமும் கொடுக்கவில்லை. நாற்பது வீட்டு ஜனத்துக்கும் அவளே ஊற்றினாள். "சார், தட்டை நல்லா நீட்டுங்க" என்று ஜீவரத்தினம் சாரையும் அதட்டினாள். எல்லாருக்கும் ஊற்றி முடித்ததும் பிள்ளைகளோடும் புருஷனோடும் உட்கார்ந்து இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தாள். சின்னவள் மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினாள்.

சார் தட்டுகளை அடுக்கி வைக்க ஸ்டோர் ரூமுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகமே சரியில்லை. பாஸ்டரம்மா பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்.

"உள்ள ரெண்டு மூட்டை உப்பு இருக்கு, பாஸ்டரம்மா. பிரிக்கவே இல்ல. அத வச்சுக்கிட்டா இந்த வெள்ளத்துல உப்பு கேட்டுப் போனோம்?"

பாஸ்டரம்மா சின்னவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த உப்பைப் போட்டிருந்தா பேச்சி சாப்பிட்டிருக்க மாட்டா, சார்."