இறங்கிய சுருதி

காயல்பட்டினத்து சதக்கத்துல்லாவுக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. அவருக்கு இசை சொல்லிக்கொடுத்த ஜலீலுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. சீடர் குருவை "உஸ்தாத்" என்பார். குரு சீடரைக் "காக்கா", அதாவது அண்ணன், என்பார். ஊரார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் இருந்தார்கள்.

அன்று மாலை கச்சேரி. முன்னொரு காலத்தில் உலகம் சுற்றிய இப்னு பதூதா போன வழியிலுள்ள நாடுகளின் இசையெல்லாம் ஒரே மேடையில். மொராக்கோவிலிருந்து சீனம் வரை பல நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லா வாத்தியத்தையும் ஒரே சுருதியில் சேர்க்கும் பொறுப்பு சதக்கத்துல்லாவுடையது. காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் சேர்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்தது.

சேராதது துருக்கிப் பெரியவர் இல்யாஸின் நாணல் குழல். அவருடைய நல்ல குழல் வழியில் பெட்டிக்குள்ளேயே விரிசல் விட்டுவிட்டது. கையில் இருந்த இன்னொன்று சுருதியில் கொஞ்சம் கீழே நின்றது. மூச்சு முட்ட ஊதியும் ஏறவில்லை.

"உஸ்தாத், இன்னைக்கு அவரை விட்டுட்டு வாசிச்சிடலாமா?"

சதக்கத்துல்லா குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"அவர் எங்கே, காக்கா?"

"குழலைத் துணியில சுத்திக்கிட்டு இருக்காரு. யாரும் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டாரு."

உஸ்தாத் தம்முடைய ஊத் என்ற தந்தி வாத்தியத்தை எடுத்து மடியில் வைத்தார். முறுக்காணியைத் திருகி ஒரு தந்தியைத் தளர்த்தினார்.

"உஸ்தாத்! காலையிலேருந்து நான்..."

"தெரியும், காக்கா. ரொம்ப நல்லாச் சேர்த்திருந்தீங்க."

அடுத்த தந்தியும் தளர்ந்தது.

மொராக்கோக்காரர் பார்த்தார். அவரும் திருகினார். சீனத்துப் பெண்ணும் திருகினாள். தப்ஸ் அடிப்பவர் ஈரத் துணியால் தோலைத் துடைத்து இறக்கினார். கடைசியில் சதக்கத்துல்லாவும் முணுமுணுத்துக்கொண்டே தம் ஊத் வாத்தியத்தை இறக்கினார்.

உஸ்தாத் இல்யாஸைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கி வந்தார். துணியைப் பிரித்து, ஒரே ஒரு ஸ்வரம் ஊதினார்.

சேர்ந்தது.

பெரியவர் குழலை உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது. சதக்கத்துல்லா விட்ட "அப்பாடா" வாசல்வரை கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஆனாலும் மேடைக்குப் போகும் வழியில் அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு கேள்வி, உஸ்தாத். வந்தவங்கதானே ஊருக்கு ஒத்துப்போகணும்? இப்னு பதூதாவும் அப்படித்தானே ஊர் ஊராப் போனாரு? ஒருத்தருக்காக நாம அத்தனை பேரும் இறங்கினது நியாயமா?"

உஸ்தாத் நின்றார்.

"நியாயமான கேள்விதான், காக்கா. அந்தக் குழல்ல முறுக்காணி எங்கே இருக்குன்னு பார்த்துட்டு வாங்க. நானே வந்து திருகித் தர்றேன்."