சத்தமில்லாத வண்டி

சபாபதிக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த லோசனி அவரைவிட இருபது வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

வகுப்பு உறையூரில், ஒரு மாவு மில்லின் மாடியில் நடந்தது. மாலையில் மில் நின்ற பிறகுதான் பாடம் தொடங்கும். மற்ற மாணவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் போன பிறகு கடைசியாக சபாபதி வருவார். முட்டி வலிக்கும், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். அவர் பாயில்தான் உட்கார்ந்தார்.

அவர் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். குரல் மிக மெல்லியது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மாணவர்கள் முறையிட்டு, கல்லூரியே அவருக்குச் சட்டையில் மாட்டும் மைக் வாங்கிக் கொடுத்திருந்தது.

“உங்க குரல் இன்னும் கதவைத் தாண்டலை சார்” என்று லோசனி அடிக்கடி சொல்வாள். குறையாகச் சொல்ல மாட்டாள். மழை இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

ஒருநாள் கீழே அரவை முடியவில்லை. மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடம் தொடங்கியது. அன்று அவர் கணீரென்று பாடினார். நடுவில் மில் நின்றது. அவர் குரலும் பாதியாகிவிட்டது.

அவள் அதைக் கவனித்தாள்.

பிறகு ஒரு மாலை, பாடம் முடிந்தும் அவர் எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். பாட்டு சம்பந்தமா இல்ல.”

“கேளுங்க சார்.”

“ஹைபிரிட் கார் இப்பவே வாங்கிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?”

அவள் சிரிக்கவில்லை. தனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன் ஸ்கூட்டரையே தினமும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உதைத்துக் கொடுக்கிறார் என்றாள்.

அவர் விளக்கினார். ஹைபிரிட் என்றால் பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடும். புகை குறைவு. ஆனால் முழுக்க பேட்டரியில் ஓடும் வண்டிகள் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே வருகின்றன. இப்போது இதை வாங்கிவிட்டு, அடுத்த வருடம் அதைவிட நல்லது மலிவாக வந்துவிட்டால் என்ன செய்வது? இப்படித்தான் போன தீபாவளிக்குப் பொறுத்தார். அதற்கு முந்தைய தீபாவளிக்கும். ஷோரூமில் அவருக்குச் சர்க்கரை போடாத காபி கேட்காமலே வந்துவிடும். அடுத்த மாடல் வருவதற்குள் உங்கள் லைசென்ஸ் முடிந்துவிடும் என்று மனைவி மங்கை கேலி செய்கிறாளாம்.

“பழைய வண்டி ஓடுதில்லையா?”

“ஓடுது. டீசல் வண்டி. பொண்ணை எல்.கே.ஜி. சேர்த்தப்ப வாங்கினது. அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.” சற்று நிறுத்தினார். “புகைதான் பிரச்சினை. அப்பாவுக்கு ஆகலை.”

அவருடைய அப்பா வீரபத்திரன் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் மாலையில் மகன் வீடு திரும்பும்போது கேட்டைத் திறந்துவிடுவது அவர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, திறந்துவிட்டு, ஓரமாக நின்று, பச்சைக்கொடி காட்டுவதுபோல வலது கையைத் தூக்குவார். வண்டி அவரைக் கடந்து உள்ளே போகும். புகை முழுவதும் அவர் மேல்தான். அந்தப் புகை இருக்கும்வரை இருமல் தீராது என்று டாக்டர் போன மாதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் உள்ளேயே இருங்கள் மாமா என்று மங்கையும் சொல்லிப் பார்த்தாள். அது என் டூட்டி, மருமகளே என்று முடித்துவிட்டார்.

“அப்ப வாங்கிட வேண்டியதுதானே சார்?”

“வாங்கணும். இன்னும் ஆறு மாசம் பொறுத்தா இதைவிட நல்லது வரும்.”

“வந்ததும் வாங்கிடுவீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“அப்ப, அதைவிட நல்லது வரப்போறது தெரிஞ்சிருக்கும்.”

லோசனி தம்பூராவை உறையில் போட்டுக் கட்டினாள்.

“பழைய வண்டியில உங்களுக்கு எது பிடிக்கும் சார்?”

இப்படி ஒரு கேள்வியை ஷோரூமில் யாரும் கேட்டதில்லை. பதில் அவரை அறியாமல் வந்துவிட்டது.

“சத்தம்.”

“சத்தமா?”

அவர் முகம் சிவந்தது. மெதுவாகச் சொன்னார். கல்லூரி விட்டதும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்துவாராம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைக்காமல், உள்ளே உட்கார்ந்துதான் சாதகம் செய்வாராம்.

“இன்ஜின் ஏன் ஓடணும்?”

“இல்லேன்னா வெளியில கேக்கும்.”

“வீட்ல பாடுறதில்லையா?”

“இல்ல. நான் பாட்டு கத்துக்கறது அப்பாவுக்குத் தெரியாது. கண்ணு போனதிலேருந்து அவருக்குக் காதுதானே எல்லாம். நல்லா வந்த பிறகு ஒருநாள் பாடிக் காட்டலாம்னு இருக்கேன்.”

அவள் ஜன்னலை மூடினாள். விளக்கை அணைத்தாள். படியிறங்கும்போது, ஓட்டிப் பார்க்க அந்தப் புது வண்டியைத் தருவார்களா என்று கேட்டாள். எத்தனையோ தடவை அவர்களாகவே தருகிறோம் என்றிருக்கிறார்கள் என்றார் அவர்.

“வெள்ளிக்கிழமை பாட்டு வேண்டாம் சார். அந்த வண்டியை எடுத்துட்டு வாங்க. உங்க வீட்டுக்குப் போகலாம்.”

“வீட்டுக்கா?”

“வாங்கினா, அது வீட்டுக்குத்தானே வரணும்.”

வெள்ளிக்கிழமை, வழக்கமாக அவர் வீடு திரும்பும் நேரத்துக்குக் கணக்காகக் கிளம்பினார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்ட லோசனி, ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று கேட்டாள். வண்டி அதற்குள் மில்லைத் தாண்டியிருந்தது.

புத்தூரில் அவருடைய தெருவுக்குள் திரும்பியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். இன்ஜின் ஓய்ந்து பேட்டரியில் உருண்டது. கண்ணாடி ஏற்றியிருந்தும் ஏதோ ஒரு வீட்டுக் குக்கரின் விசில் கேட்டது. ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் குடியிருந்த தெரு. இவையெல்லாம் அவருக்குப் புதிதாக இருந்தன.

வீட்டு வாசலுக்கு வந்து வண்டியை நிறுத்தினார்.

கேட் மூடியிருந்தது.

அவர் வீடு திரும்பும் நேரத்தில் அது மூடியிருந்து அவர் பார்த்ததில்லை. கேட்டின் இடப்பக்கக் கதவில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஒரு கை தினமும் பிடிக்கும் இடம்.

“அப்பாவுக்கு உடம்பு முடியலையோ” என்றார். கை ஹாரனுக்குப் போனது.

“கொஞ்சம் பொறுங்க சார்.”

கம்பிகளுக்கு அப்பால் அப்பா தெரிந்தார். போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை. கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். ஈரத்தலை படிய வாரியிருந்தது. முகம் தெருவைப் பார்க்கவில்லை, சற்றுத் திரும்பியிருந்தது. தெருவின் பக்கம் இருந்தது காது.

ஒரு ஆட்டோ போனது. அவர் அசையவில்லை.

தெருமுனையில் டீசல் வேன் ஒன்று திரும்பியது. அவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றிப் பாதி எழுந்தார். வேன் நெருங்கியது. அது வேறு வண்டி என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்ல உட்கார்ந்தார். கழுத்துப் பட்டனைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“தினமும் இப்படித்தானா சார்?”

“தெரியாது டீச்சர். நான் வரும்போது கேட் திறந்திருக்கும்.”

தண்ணீர் லாரி ஒன்று அவர்களை ஒட்டிக்கொண்டு போனது. அப்பா மறுபடி நிமிர்ந்தார், மறுபடி தளர்ந்தார். லாரியின் புகை கேட்டின் கம்பிகளுக்குள் நுழைந்தது. அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து இருமினார். நெடுநேரம் இருமினார். முடிந்ததும் அவசரமாக நிமிர்ந்து காதைத் தெருவுக்குக் கொடுத்தார். இருமிய நேரத்தில் எதையாவது தவறவிட்டிருப்போமோ என்பதுபோல.

மகன் பத்தடி தள்ளி, புது வண்டியில், ஏசி காற்றில் உட்கார்ந்திருந்தார்.

“ராத்திரியில இருமறதைத்தான் கேட்டிருக்கேன்” என்றார். “கேட் பக்கத்துல இருமுவார்னு மங்கை சொல்லுவா. வண்டி சத்தத்துல எனக்குக் கேட்டதில்ல.”

அவர் கேட்டின் தேய்ந்த இடத்தைப் பார்த்தார்.

“இதனாலதான் வாங்காம தள்ளிக்கிட்டே வந்தேனோ டீச்சர்? இந்தச் சத்தம் போயிடக் கூடாதுன்னு?”

“அப்படியா சார்?”

அவர் தலையசைத்தார்.

“இல்ல. இப்படி உக்காந்திருப்பார்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. உள்ளே அப்பாவுக்கு அதில் எந்த வித்தியாசமும் இல்லை. அவர் அதே இடத்தில் அப்படியே இருந்தார்.

“அப்ப பழைய வண்டியே இருக்கட்டுமா?” என்றார் சபாபதி.

“அந்த இருமலும் இருக்கட்டுமா?”

“இதை வாங்கிட்டா நான் வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிக்கணுமா?”

“ஹாரன் தெருவுல எல்லாருந்தான் அடிக்கிறாங்க.”

“பின்ன?”

“கூப்பிடுங்க.”

சபாபதி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அவர் அப்பாவின் அருகில் போய்த் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவார். சாப்பிட வாங்க என்பார். மாத்திரை போட்டாச்சா என்பார். வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டது எப்போது என்று நினைத்துப் பார்த்தார். அரை டிராயரும் பள்ளிக்கூடப் பையுமாக ஒரு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

லோசனி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் பட்டனை அழுத்தவில்லை. காத்திருந்தாள்.

அவரே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். வெளிக்காற்று வந்தது. உள்ளே நாற்காலியின் கால் தரையில் உரசிய சத்தம் கேட்டது. சபாபதி வாயைத் திறந்தார். மூடினார். பாயில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

“குரல் இன்னும் சரியா வரலையே டீச்சர்” என்றார் மிக மெதுவாக.

“கேட்டைத் தாண்டினா போதும் சார்” என்றாள் அவள்.