சல்லடையை உடைத்த குப்புராஜ்

குப்புராஜ் அளக்க ஆரம்பித்தால் பேக்கரி ஈயும் தேங்காய் பன்னை மறந்துவிட்டுக் காது கொடுக்கும். அன்றைக்கு அளப்பதற்குக் காரணமும் இருந்தது. ஒரு வங்கியின் செயலியில் திருடர்கள் நுழைய எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதிக்க, சரவணம்பட்டியிலுள்ள அவர்களுடைய கம்பெனியிலிருந்து மறுநாள் ஒருவர் போகவேண்டும். அவனா, கூட வேலை பார்க்கும் நஸ்ரினா என்பதை டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவதாக டீம் லீட் பூங்கோதை அக்கா சொல்லியிருந்தார். குப்புராஜுக்குப் போகக் கொள்ளை ஆசை.

இருவரும் ஒரு வாரமாகப் பழகியது 'சல்லடை' என்ற செயலியில். கற்றுக்கொள்பவர்கள் உடைத்துப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே பன்னிரண்டு ஓட்டை வைத்துச் செய்தது அது.

"பன்னெண்டு அவுங்க வெச்சதுங்கக்கா. நான் கண்டுபுடிச்சது நாப்பத்தேழு! ஆப்பைச் செஞ்சவருக்கே தெரியாது. போன் பண்ணிச் சொன்னேன், பாவம், மனுசன் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு."

"ஏன், நீ பேசறதைக் கேட்டா?" என்றாள் நஸ்ரின்.

அவளைக் கண்டுகொண்டால் கதை நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். அக்கா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"மொத நாளு நான் பாஸ்வேர்டே அடிக்கலீங்க. ஸ்க்ரீனை ஒரு மொறை மொறைச்சேன். பயந்துக்கிட்டு அதுவே எழுதிக் காட்டிருச்சு. ரெண்டாம் நாளு நான் போனைக் கையில எடுத்ததுமே ஆப் தன்னால அழிஞ்சு ஓடப் பாத்துச்சுங்க. கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வெச்சேன். மூணாம் நாளு கொஞ்சம் வேகம் கூடிப்போச்சு. ஆப்போட பூட்டை ஒடைச்சா, பக்கத்துத் தெருவுல நாலு வீட்டுப் பூட்டும் சேந்து தெறந்துக்கிச்சு!"

"அதான் எங்க கடை ஷட்டரு காலையில தெறந்து கெடந்துச்சா?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆமாங்ணா, மன்னிச்சுக்கோங்க," என்றான் குப்புராஜ், கூசாமல்.

அதற்குள் அவன் போனில் சார்ஜ் தீரும் சத்தம் கேட்டது. "என் லேப்டாப்புல சொருகிக்க," என்று நஸ்ரின் ஒயரை நீட்டினாள். சொருகினான். போன் திரையில் ஏதோ கேட்டது. கதை சூடாக இருந்த நேரம், குனிந்து படிக்க யாருக்குப் பொறுமை? 'சரி' என்று ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தான்.

"நாலாம் நாளு மொட்டை மாடியில நிக்கறேனுங்க. மேல சுத்திக்கிட்டிருந்த சேட்டிலைட்டு ஒண்ணு சர்ருன்னு கீழ எறங்கி, 'அண்ணா, எனக்கும் ஓட்டை கீட்டை இருக்குதான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க'ங்குது!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வங்கி கைக்கு வந்துவிட்டது என்றே குப்புராஜ் நினைத்தான்.

"அக்கா, நாம தட்டறதையெல்லாம் ஒண்ணு விடாம பதிவு பண்ணி வெக்கறதுதானுங்களே சல்லடையோட மொத ஓட்டை?" நஸ்ரின் லேப்டாப்பைத் திருப்பினாள். "இவன் போன்ல இருக்கற பதிவைப் படிக்கறேன். தப்பான பாஸ்வேர்டு, எரநூத்திப் பதினாறு தடவை. 'விடையைக் காட்டு' பட்டன், முப்பத்தொம்பது தடவை."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். குப்புராஜுடையது ஒரு டீக்குக்கூடத் தாங்கவில்லை.

"என் போனுக்குள்ள நீ எப்படிப் போனே?"

"'இந்தக் கம்ப்யூட்டரை உள்ள விடலாமா'ன்னு போன் உங்கிட்டத்தான் கேட்டுச்சு. நீதான் படிக்காமயே சரின்னே."

ஒயரை வெடுக்கென்று பிடுங்கினான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அது... நானே வேணும்னு விட்ட ஓட்டைங்கக்கா. நஸ்ரின் பழகட்டும்னு!"

பூங்கோதை அக்கா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரொம்பச் சந்தோசம் கண்ணு. பேங்குக்கு நஸ்ரின் போகட்டும். நீ போனோட இங்கயே இரு. அடுத்து வர்ற பசங்களுக்குப் பழக இனிச் சல்லடை வேண்டாம், உன் போனே போதும்."