கருங்காலி அம்பு

சேந்தன் வேட்டை பழக மலைக்கு வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் இருபது வருடம் கோட்டை மதிலில் வில்லாளி. அவனுடைய ஆசான் மாதி அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். அவன் அவளை "ஆசானே" என்பான். அவள் அவனை "அண்ணே" என்பாள்.

மூன்று நாளுக்கு முன், அறுபது தப்படி தள்ளி நின்று ஒரு காட்டெருமையின் தோளில் நாணல் அம்பை அடித்தான். தைத்தது. எருமை விழவில்லை. அம்போடு மூங்கில் காட்டுக்குள் போய்விட்டது.

நேற்று அது ஓடையில் தண்ணீர் மொண்ட ஊர்க்காரன் காரியை முட்டித் தூக்கிப் போட்டது. பொழுது சாய்வதற்குள் காரி செத்துப்போனான். ஊரில் பிறகு யாரும் ஓடைப் பக்கம் போகவில்லை.

முதல் அம்பை விட்டவன்தான் கடைசி அம்பையும் விடவேண்டும் என்பது அந்த மலையின் வழக்கம். ஆசான் துணைக்குப் போகலாம். வில்லைத் தொடக்கூடாது.

விடிந்ததும் மாதி அவனுக்கு மூன்று கருங்காலி அம்புகள் கொடுத்திருந்தாள். இப்போது ஒன்றைத் திரும்ப வாங்கி விரல்மேல் வைத்து எடை பார்த்தாள்.

"தண்டைச் சீவிட்டீங்களா?"

"ரொம்பக் கனம், ஆசானே. இருபது தப்படி தாண்டினால் தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறது."

"மூணையுமா?"

"இரண்டை."

"எவ்வளவு தூரம் போகணும்?"

"நாற்பது போனால் போதும்."

"அறுபதுல இருந்து நாற்பதா? பரவாயில்லையே, பேரத்துக்கு இறங்கிட்டீங்க."

அவன் சிரிக்கவில்லை.

மாதி மணல் மூட்டையின் மேல் ஒரு பழைய தோள் எலும்பை வைத்தாள். நனைத்த எருமைத் தோலால் அதை மூடினாள். நாற்பது தப்படியில் அவனை நிறுத்தினாள்.

சீவிய அம்பு சீறிப் போனது. தோலைக் கிழித்து, எலும்பில் பட்டு, இரண்டாக உடைந்தது. சீவாத அம்பு மூட்டைக்கு முன்னாலேயே மண்ணில் குத்திக்கொண்டது.

"வேகம் இருந்தால் கனம் இல்லை. கனம் இருந்தால் வேகம் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாதா, ஆசானே?"

மாதி சீவாத அம்பைப் பிடுங்கி வந்து கொடுத்தாள். அவன் முழங்கையைப் பிடித்து முன்னால் நடத்திப்போனாள். பதினைந்து தப்படியில் நின்றாள்.

"இப்ப விடுங்க."

எலும்பு பிளந்தது. இறகு மட்டும் வெளியே நின்றது.

சேந்தன் அம்பைப் பார்க்கவில்லை. இங்கிருந்து தோலின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

"இவ்வளவு கிட்டே அதன் மூச்சு கேட்கும்."

"கேட்கும்."

"திரும்பினால் இன்னொரு அம்புக்கு நேரம் இருக்காது."

"இருக்காது."

"உங்களுக்குப் பயமே கிடையாதா?"

மாதி கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை வியர்த்து நனைந்திருந்தது.

உச்சிப்பொழுதில் மூங்கில் காட்டுக்குள் நுழைந்தார்கள். இலைகளில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காற்று முகத்தில் அடித்தது. நாற்பது தப்படி தள்ளி, மூங்கில்களுக்கு நடுவே எருமை பக்கவாட்டில் நின்றது. அது மூச்சுவிடும்போதெல்லாம் தோளில் ஒடிந்த நாணல் ஏறி இறங்கியது.

 சேந்தன் சீவாத அம்பை நாணில் பூட்டினான்.

"இது பதினைந்துதானே போகும், ஆசானே. மிச்ச தூரம்?"

மாதி சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினாள்.

"அது நம்ம காலுக்கு, அண்ணே."